டோரு பள்ளத்தாக்கில் ஏழு நாள்: திராட்சைக் கொடியில் தொடங்கி பீப்பாயில் முடிக்கும் பயணம்

போர்ச்சுகலின் போர்ட்டோ நகரத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் செய்வது இதுதான். வந்த அன்று மாலையே பாலத்தைக் கடந்து எதிர்க்கரையில் இருக்கும் காயாவுக்குப் போவார்கள். அங்கே ஒரு ஒயின் கிடங்கில், டோரு பள்ளத்தாக்கின் திராட்சையில் செய்யும் இனிப்பான போர்ட் ஒயினை மூன்று கிளாஸ் ருசி பார்ப்பார்கள். மறுநாள் விடியற்காலையில் வேன் ஏறி டோரு ஆற்றின் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பிவிடுவார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன். நாளில் பாதி வேனுக்குள்ளேயே போனது. தோட்டத்தில் நின்றது ஒன்றரை மணி நேரம். கிடங்கில் குடித்ததற்கும் மலையில் பார்த்ததற்கும் என்ன தொடர்பு என்று பிடிபடவே இல்லை.

இரண்டாம் தடவை வரிசையை மாற்றினேன். முதலில் ஆற்றின் மேல்பகுதிக்குப் போய்த் தங்கினேன். கொடியையும் கல்சுவரையும் பார்த்தேன். கடைசி நாளில்தான் காயாவின் கிடங்குக்குள் நுழைந்தேன். ஒயினும் அந்த வழியாகத்தான் வந்தது. 1960-கள் வரை ரபேலோ என்ற தட்டையான படகுகளில் பீப்பாய்களை ஏற்றி ஆற்றோடு கீழே இறக்கினார்கள். ஒயின் வந்த திசையிலேயே நாமும் வந்தால், கிளாஸில் இருப்பது என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. கீழே நான் சொல்லும் திட்டம் முழுவதும் இந்த ஒரு எண்ணத்தின் மேல் கட்டியது.

எப்போது போகலாம்

மே, ஜூன் அல்லது செப்டம்பர், அக்டோபர் தொடக்கம். ஜூலை, ஆகஸ்டை விட்டுவிடுங்கள். அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்றை மராவ் மலைத்தொடர் மேற்கிலேயே தடுத்துவிடுகிறது. கிழக்கே போகப்போக மழை குறைந்து, ஸ்பெயின் எல்லைப் பக்கம் மேற்கில் பெய்வதில் பாதி அளவுதான் பெய்கிறது. கோடையில் 40 டிகிரி சாதாரணம். பகலில் சூடேறிய பாறை இரவிலும் அனல் விடும். ‘ஒன்பது மாதம் குளிர், மூன்று மாதம் நரகம்’ என்பது அந்த ஊர்க்காரர்களே சொல்லும் பழமொழி. வெயில் நமக்குப் பழக்கம்தானே என்று துணிந்து போகாதீர்கள். செங்குத்தான சரிவில், நிழலே இல்லாத இடத்தில் அந்த வெயில் வேறு மாதிரி.

அறுவடை பார்க்க வேண்டுமென்றால் செப்டம்பர்தான். அது எந்த வாரத்தில் தொடங்கும் என்பதை அந்த ஆண்டின் வெயில் முடிவுசெய்யும். நடு செப்டம்பரைக் குறிவைத்தால் பெரும்பாலும் தப்பாது. அறை கிடைப்பது கடினம் என்பதால் நான்கைந்து மாதம் முன்பே பதிவு செய்ய வேண்டும். கூட்டம் வேண்டாம், அமைதி போதும் என்பவர்களுக்கு மே மாதம். பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கத்தில் கிழக்குப் பகுதி முழுவதும் பாதாம் மரங்கள் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்து நிற்கும். கொடிகள் அப்போது வெறும் குச்சிதான், ஆனாலும் அது ஒரு தனி அழகு.

விசாவும் டிக்கெட்டும்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். புறப்படும் தேதிக்குக் குறைந்தது 15 நாள் முன்பாவது விண்ணப்பித்திருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் நேர்காணல் தேதி கிடைப்பதே தாமதமாகும் என்பதால் மூன்று மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவைத் தாங்கும் பயணக் காப்பீடு கட்டாயம். ஷெங்கன் நாடுகளிலேயே குடியிருப்பு அனுமதி பெற்றவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. லிஸ்பனில் இறங்கினால் அங்கிருந்து ரயிலில் போர்ட்டோவுக்கு மூன்று மணி நேரம்.

தோட்டங்களில் ருசி பார்ப்பதற்குத் தனியாக முன்பதிவு வேண்டும். இதைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். ஒரு தோட்டத்துக்கு நான் சொல்லாமல் போய் நின்றேன். வெயிலில் இரண்டு கிலோமீட்டர் நடந்து போனவனை, அன்று இடமில்லை என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. பெரும்பாலான தோட்டங்களில் வேலை செய்பவர்களே வந்து சுற்றிக் காட்டுகிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டு தோட்டத்துக்கு மேல் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். மூன்றாவதில் நாக்கும் கேட்காது, காதும் கேட்காது.

முதல் நாள்: போர்ட்டோ

அன்று ஒயின் வேண்டாம். பயணக் களைப்போடு நகரத்தில் நடங்கள். சாவ் பென்ட்டோ ரயில் நிலையத்தின் முன்மண்டபத்தில் ஏறத்தாழ 20,000 நீல ஓடுகள் பதித்திருக்கிறார்கள். ஜோர்ஜ் கொலாசோ வரைந்தவை, நிலையம் திறந்தது 1916-இல். மறுநாள் ரயிலின் கால அட்டவணையை அங்கேயே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாதையில் பராமரிப்பு வேலை நடக்கும்போது சில ரயில்கள் சாவ் பென்ட்டோவுக்கு வராமல் கம்பான்யா நிலையத்திலிருந்தே கிளம்பும். வேலைநிறுத்தம் வருவதும் உண்டு. ‘கிரேவ்’ என்ற சொல்லை அறிவிப்புப் பலகையில் பார்த்தால் உடனே மாற்று ஏற்பாடு தேடுங்கள்.

மாலையில் லூயிஸ் பாலத்தின் மேல்தளத்தில் நடந்தால் எதிர்க்கரைக் கிடங்குகளின் ஓட்டுக்கூரைகள் தெரியும். பார்த்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். கடைசி நாள் அங்கேதான் வரப்போகிறோம்.

இரண்டாம் நாள்: ரயிலில் ஆற்றின் மேலே

கார் வாடகைக்கு எடுக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். ரேகுவா என்ற ஆற்றங்கரை ஊரிலிருந்து பின்யாவ் என்ற ஊர் வரை ஆற்றை ஒட்டிப் போகும் என்222 சாலை புகழ்பெற்றது, அழகானதும்தான். ஆனால் ஓட்டுகிறவர் வளைவுகளைத்தான் பார்ப்பார், ஆற்றைப் பார்க்க முடியாது. ருசி பார்க்கவும் முடியாது: ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹாலே எல்லை, புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கு 0.2. போர்ட் ஒயினின் வலிமை ஏறக்குறைய 20 சதவீதம். இரண்டு தோட்டங்களில் ருசி பார்த்த பிறகு யாரும் வண்டியைத் தொடக்கூடாது. என் கருத்தில் இந்தப் பயணத்துக்கு ரயிலும், தேவைப்படும்போது டாக்சியும் போதும்.

போர்ட்டோவிலிருந்து பொசீன்யு வரை போகும் டோரு ரயில்பாதையில் நாளொன்றுக்குச் சில ரயில்கள்தான். இருக்கை ஒதுக்கீடு கிடையாது. அதனால் அரை மணி நேரம் முன்பே போய் வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். முதல் ஒரு மணி நேரம் புறநகரும் வயலுமாகப் போகும், ஏமாற்றமாக இருக்கும். பிறகு ஒரு வளைவில் ஆறு வந்து சேரும். அதற்குப் பிறகு சில இடங்களில் தண்டவாளத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கும் அகலம்கூட இருக்காது. சுவிட்சர்லாந்தில் செய்த பழைய பெட்டிகள் சில ரயில்களில் ஓடுகின்றன. அவற்றில் ஜன்னலைத் திறந்து காற்று வாங்கலாம். கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இரண்டு மணி நேரத்தில் ரேகுவா. இங்கே இறங்கி டோரு அருங்காட்சியகத்தைப் பாருங்கள். இது ஏன் முக்கியம் என்றால், 1756-இல் அன்றைய போர்ச்சுகல் அமைச்சர் பொம்பால் பிரபு இந்தப் பள்ளத்தாக்குக்கு எல்லை வகுத்தார். எந்த மண்ணில் விளைந்த திராட்சை போர்ட் ஒயினுக்கு ஆகும் என்று அரசே வரையறுத்து, எல்லையில் கருங்கல் தூண்களை நட்டது. கலப்படத்தால் விலை சரிந்துபோன காலத்தில் எடுத்த முடிவு அது. அதற்காக அவர் தொடங்கிய கம்பெனியின் பழைய கட்டடத்தில்தான் இந்த அருங்காட்சியகம் இருக்கிறது. ஒன்றரை மணி நேரம் போதும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் அடுத்த ரயிலில் பின்யாவ், அரை மணி நேரத்துக்கும் குறைவு. அங்கே மூன்று இரவு.

மூன்றாம், நான்காம் நாள்: பின்யாவ்

சின்ன ஊர். ஒரு தெரு, ஒரு பாலம், ஒரு ரயில் நிலையம். நிலையத்தின் வெளிச்சுவரில் 24 ஓவியங்கள், நீல ஓட்டில். அறுவடை, கூடை சுமக்கும் பெண்கள், ரபேலோ படகுகள். முதலில் இவற்றைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு ஊருக்குள் போங்கள். மறுநாள் தோட்டத்தில் பார்க்கப்போவது எல்லாம் இந்தச் சுவரில் வரிசையாக இருக்கிறது.

கின்ட்டா என்றால் தோட்டம், அதோடு சேர்ந்த வீடும் ஒயின் கூடமும். நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் கின்ட்டா டோ பொம்ஃபிம், கின்ட்டா டா ரொயேடா இரண்டும் இருக்கின்றன. பாலத்தைத் தாண்டினால் கின்ட்டா டாஸ் கர்வால்யாஸ். காலையில் ஒன்று, மாலை நான்கு மணிக்கு மேல் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுப்பகலில் அறைக்குத் திரும்பித் தூங்குங்கள்.

தோட்டத்துக்குள் போனதும் கொடியைப் பார்ப்பதற்கு முன் காலடியைப் பாருங்கள். அது மண் இல்லை. சிஸ்ட் என்ற தகட்டுப்பாறை. புத்தகத் தாள்கள் போல அடுக்கடுக்காகப் பிளந்திருக்கும். அந்தப் பிளவுகள் வழியாகத்தான் வேர் பல மீட்டர் ஆழம் போய் ஈரம் தேடுகிறது. இந்தப் பாறையை உடைத்துத்தான் மண்ணாக்கினார்கள். உடைத்த கல்லையே சுண்ணாம்பில்லாமல் அடுக்கிச் சுவராக்கினார்கள். மலை முழுவதும் படிக்கட்டு போலத் தெரிவது அந்தச் சுவர்கள்தான். 2001-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியம் என்று அறிவித்தது மனிதர் கையால் செய்த இந்த நிலத்தைத்தான்.

சில சரிவுகளில் சுவர் இருக்கும், கொடி இருக்காது. புதரும் ஒலிவ மரமும் மண்டியிருக்கும். மோர்த்தோரியோ என்பார்கள், செத்த இடம் என்ற பொருளில். 1860-களில் ஃபிலோக்சரா என்ற வேர்ப்பூச்சி வந்து தோட்டங்களை அழித்தபோது கைவிட்டவை. நூற்றைம்பது ஆண்டு கழித்தும் சுவர் மட்டும் நிற்கிறது. வழிகாட்டிகள் பெரும்பாலும் இதைக் காட்டாமல் கடந்துவிடுவார்கள், நீங்களே கேளுங்கள்.

ஒயின் கூடத்தில் லகார் என்ற அகலமான கருங்கல் தொட்டி இருக்கும். இதில் திராட்சையைப் போட்டுக் காலால் மிதிப்பது இன்றும் நடக்கிறது, சுற்றுலாவுக்காக மட்டும் அல்ல. சாதாரணச் சிவப்பு ஒயின் ஒரு வாரத்துக்கு மேல் தோலோடு நொதிக்கும். போர்ட் ஒயினில் இரண்டு மூன்று நாளிலேயே 77 சதவீத திராட்சைச் சாராயத்தை ஊற்றி நொதித்தலை நிறுத்திவிடுவார்கள். அதனால்தான் இனிப்பு தங்குகிறது. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் தோலிலிருந்து நிறமும் துவர்ப்பும் முழுவதும் இறங்க வேண்டும், ஆனால் விதை உடைந்து கசக்கக்கூடாது. பாதம் அதற்குப் பொருத்தமான கருவி. முதலில் தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக நின்று, எண்ணிக்கைக்கு ஏற்ப மெதுவாக முன்னேறி மிதிப்பார்கள். அது முடிந்ததும் அக்கார்டியன் வாசிக்க, அவரவர் இஷ்டத்துக்கு ஆடுவார்கள். செப்டம்பரில் சில தோட்டங்கள் விருந்தினரையும் தொட்டியில் இறங்க விடுகின்றன. முன்கூட்டியே எழுதிக் கேட்டு வைத்தால் இந்த அனுபவத்தைத் தவறவிடாமல் இருக்கலாம். அரைக்கால் சட்டை எடுத்துப்போங்கள். தொடை வரை ஊதா நிறம் ஏறும், சில நாள் போகாது.

நான்காம் நாள் காலை டாக்சியில் கசால் டெ லொய்வோஸ் மேட்டுக்கு ஏறி, பின்யாவுக்கு நடந்து இறங்குங்கள். ஆறு வளைந்து திரும்பும் இடம் முழுவதும் கண்ணுக்குக் கீழே விரியும். பிறகு ஃபவாயோஸ் என்ற மேட்டு ஊர். அங்கே ரொட்டிக்கும், மஸ்கட் என்ற திராட்சையில் செய்யும் ஒயினுக்கும் சேர்த்து ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. டாக்சிக்காரரிடம் காத்திருப்புக்கும் சேர்த்து முதலிலேயே விலை பேசிக்கொள்ளுங்கள்.

ருசி பார்ப்பது எப்படி

குடிப்பது வேறு, ருசி பார்ப்பது வேறு. கிளாஸைச் சாய்த்து வெள்ளைத் தாளுக்கு மேல் நிறம் பாருங்கள். மூக்கை உள்ளே விட்டு மெதுவாக முகருங்கள். ஒரு வாய் எடுத்து நாக்கு முழுவதும் பரப்பிவிட்டுப் பக்கத்தில் இருக்கும் பாத்திரத்தில் துப்பலாம். துப்புவதை யாரும் அவமரியாதையாக நினைப்பதில்லை. அதைத் தொழிலாகச் செய்பவர்கள் எல்லோரும் துப்புகிறவர்கள்தான். இடையிடையே தண்ணீரும் ரொட்டியும்.

போர்ட் ஒயினில் இரண்டு குடும்பங்களைப் பிரித்துப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். ரூபி வகை பெரிய கலன்களில் காற்றுப்படாமல் இருந்தது: கருஞ்சிவப்பு, நாவல்பழமும் உலர்ந்த திராட்சையும் போன்ற மணம். அதன் உச்சம் விண்டேஜ். சிறந்த ஆண்டில் மட்டும் செய்து, இரண்டு ஆண்டில் பாட்டிலில் அடைத்து, பிறகு பல பத்தாண்டு பாட்டிலுக்குள்ளேயே முதிரும். டானி வகை சிறிய மரப் பீப்பாயில் வருடக்கணக்காகக் கிடந்து, மரத்தின் வழியே மெல்ல மூச்சு விட்டு, செம்மண் நிறத்துக்கு வெளுத்தது: வறுத்த முந்திரி, காய்ந்த ஆரஞ்சுத் தோல், கருப்பட்டிப் பாகு. எனக்கு 20 ஆண்டு டானிதான் உயிர். 40 ஆண்டு அற்புதம்தான், ஆனால் விலைக்கு ஏற்ற வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

குடிக்காதவர்கள் இந்தப் பயணத்தில் எதையும் இழக்க மாட்டார்கள். சுற்றிப் பார்ப்பதற்கு மட்டும் முன்பதிவு செய்யலாம்.

சாப்பாடு

மேசையில் உட்கார்ந்ததும் ரொட்டி, ஒலிவக்காய், பாலாடைக்கட்டி கொண்டுவந்து வைப்பார்கள். அது இலவசம் இல்லை. தொட்டால் பில்லில் வரும். வேண்டாமென்றால் எடுத்துக்கொண்டு போகச் சொல்லலாம், தப்பாக நினைக்க மாட்டார்கள். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அடுப்பில் வாட்டிய ஆட்டுக்குட்டியும், உப்பிட்டு உலர்த்திய பக்கல்யாவ் மீனும். கருவாடு தெரிந்த நாக்குக்கு அது சட்டென்று பிடிக்கும். சைவத்துக்குச் சிரமம்தான். கல்டோ வெர்டே என்ற கீரை, உருளைக்கிழங்கு சூப்பில் பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும், அதை விடச் சொல்ல வேண்டும். ‘செம் கார்ன், செம் பெய்ஷே’, அதாவது இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல். இந்த நான்கு சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பின்யாவில் கடைகள் குறைவு. ரேகுவாவிலேயே பழம், தயிர், பாதாம் வாங்கிக்கொண்டு போவது நல்லது.

ஐந்தாம் நாள்: பாதை முடியும் இடம்வரை

இந்த நாளைத்தான் பெரும்பாலோர் வெட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து வெட்டாதீர்கள். பின்யாவிலிருந்து பொசீன்யு ஒரு மணி நேரம், ஐரோப்பாவில் நான் பார்த்த ரயில் பயணங்களில் இதற்கு இணை இல்லை. வாலெய்ரா அணை வரும் இடத்தைக் கவனியுங்கள். ஒருகாலத்தில் அங்கே படகுகளை விழுங்கிய பாறை நீரோட்டம் இருந்தது. டோரு ஆற்றை அங்குலம் அங்குலமாக வரைபடமாக்கிய ஜோசப் ஜேம்ஸ் ஃபாரெஸ்டர் 1861-இல் அங்கேதான் படகு கவிழ்ந்து மூழ்கினார். அதே படகில் இருந்த டோனா அன்டோனியா ஃபெர்ரெய்ரா, இந்தப் பள்ளத்தாக்கின் மிகப் பெரிய தோட்டங்களை ஆண்ட பெண்மணி, உயிர்தப்பினார். விரிந்த பாவாடை காற்றை அடைத்துக்கொண்டு அவரை மிதக்க வைத்தது என்று ஊர் சொல்கிறது. இப்போது அணை எல்லாவற்றையும் மூடி, தண்ணீர் கண்ணாடி போலக் கிடக்கிறது. அதைத் தாண்டியதும் ரயில் பாலத்தைக் கடந்து தென்கரைக்கு மாறும். நீங்களும் இடது ஜன்னலுக்கு மாறுங்கள்.

பொசீன்யுவிலிருந்து டாக்சியில் ஃபோஸ் கோவா. கோவா ஆற்றங்கரைப் பாறைகளில் 20,000 ஆண்டுக்கும் மேல் பழமையான குதிரை, காட்டெருமைக் கீறல்கள் இருக்கின்றன. 1990-களில் அணை கட்டும்போது வெளியே தெரியவந்து, மக்கள் போராடி அணையை நிறுத்தினார்கள். 1998-இல் உலகப் பாரம்பரியமானது. ஜீப்பில் வழிகாட்டியோடு சிறு குழுவாக மட்டுமே போக முடியும், முன்பதிவு கட்டாயம். பெனஸ்கோசா பகுதிக்கு மாலைச் சாய்வெளிச்சத்தில் போனால் கீறல்கள் எழுந்து நிற்கும். அன்றிரவு ஃபோஸ் கோவாவிலேயே தங்குங்கள்.

ஆறாம், ஏழாம் நாள்: காயா

பொசீன்யுவிலிருந்து போர்ட்டோவுக்கு மூன்றரை மணி நேரம் போல ஆகும். இப்போது ஆற்றோடு கீழே இறங்குகிறீர்கள். அன்று ஓய்வு. மறுநாள் காலை பத்து மணிக்கு, நாக்கு தெளிவாக இருக்கும்போது, காயாவின் கிடங்கு ஒன்றுக்குப் போங்கள். உள்ளே இருட்டு, ஈரம், பழைய மரத்தின் வாசனை. மேலே 40 டிகிரி காய்ந்த பள்ளத்தாக்கிலிருந்து ஏன் இவ்வளவு தூரம் கொண்டுவந்தார்கள் என்று உடம்புக்கே புரியும்: கடற்காற்றின் குளிரில் ஒயின் மெதுவாக முதிர்கிறது. 1986 வரை ஏற்றுமதி செய்யும் ஒயின் இங்கிருந்துதான் போக வேண்டும் என்று சட்டமே இருந்தது.

550 லிட்டர் கொள்ளும் பீப்பாயைக் காட்டி வழிகாட்டி ‘பீப்பா’ என்பார். நம் பீப்பாய் அங்கிருந்து வந்த சொல்தான். ஜன்னலும் சாவியும் மேசையும் வந்த அதே கப்பலில் வந்தது. அந்தச் சொல்லை முதன்முதலில் அதன் சொந்த இருட்டுக்குள் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பாட்டில் வாங்குவதானால் இங்கே, கடைசி நாளில் வாங்குங்கள்; முன்பே வாங்கி மலையெல்லாம் சுமக்க வேண்டாம். கைப்பையில் விடமாட்டார்கள், துணியில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வையுங்கள். இந்தியாவுக்குள் ஒருவர் வரியில்லாமல் கொண்டுவரக்கூடியது 2 லிட்டர்; 750 மில்லி பாட்டில் என்றால் இரண்டுதான். இரண்டும் டானியாக இருக்கட்டும். விண்டேஜைத் திறந்தால் ஓரிரு நாளில் முடித்தாக வேண்டும், அடியில் வண்டலும் தங்கும். டானியைத் திறந்து, மூடி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சில வாரம் கெடாது. சற்றுக் குளிர்ந்த நிலையில், சிறிய கிளாஸில், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொள்ளலாம்.